இருநூறு பாரும் ஒரு மயிரிழைக் கோடும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு எழுதப்போறது வழக்கமான மொக்கை இல்லை. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில நடந்த விஷயம். படிச்சிட்டு "இவன் இவ்ளோ பெரிய முட்டாளா"ன்னு நினைச்சீங்கன்னா தப்பே இல்லை. தங்கமணி ஏற்கெனவே அந்த முடிவுக்கு வந்தாச்சு.

என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. எட்டாவதுல இருந்து ஏர் ரைஃபிள் சுடறா. பத்து மீட்டர் தூரத்துல இலக்கு. அந்த அட்டையில பத்து மார்க் கிடைக்கிற புள்ளியோட குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே ஆட்டம்தான். இவ ஸ்கூல்ல யாரோ அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட, அன்னிக்கு ராத்திரியே "அப்பா, எனக்கும்"னு ஆரம்பிச்சுது.

முதல் வருஷம் ரேஞ்ச்லயே துப்பாக்கி வாடகைக்கு எடுத்துச் சுட்டா. அப்புறம் கோச் சார் கூப்பிட்டு, "பொண்ணுக்குக் கை நல்லா நிக்குது, சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுங்க"ன்னார். புதுசு விலையைக் கேட்டப்போ எனக்குக் கை நிக்கலை. கடைசியில 2022ல வேற ஊர்ல ஒரு குடும்பத்துக்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது. அவங்க பையன் காலேஜ் சேர்ந்ததும் சுடறதை விட்டுட்டானாம். ஒன்றரை லட்சம். தங்கமணியோட ரெட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. அது இன்னும் திரும்பி வரலைங்கறது தனிக் கதை.

இந்தத் துப்பாக்கியில வெடிமருந்து கிடையாது. குழலுக்குக் கீழே ஒரு சின்ன அலுமினிய சிலிண்டர், ஒரு அடி நீளத்துக்குக் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கும். அதுக்குள்ள 200 பார் அழுத்தத்துல காத்து. ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் அதுல ஒரு துளிக் காத்து போய் பெல்லட்டைத் தள்ளும். ஒரு தடவை நிரப்பினா இருநூறு ஷாட்டுக்கு மேல வரும். எங்களுக்கு வந்த சிலிண்டர் பளபளன்னு நீலக் கலர். பொண்ணுக்கு அந்தக் கலரைப் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம்.

அந்தச் சிலிண்டர் மேல தேதி அடிச்சிருக்கும். எங்களோடதுல 2013. இந்த மாதிரி போட்டிச் சிலிண்டர்களுக்கு ஆயுசு பொதுவா பத்து வருஷம்னு தயாரிக்கிறவங்களே சொல்றாங்க. தேதி தாண்டாம பாத்துக்கறது சுடறவங்களோட பொறுப்புன்னு சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தோட விதியிலயே இருக்கு. விக்கிறவர்கிட்ட இதைக் கேட்டேன். "அதெல்லாம் மருந்து பாட்டில்ல போடற தேதி மாதிரி சார், ஒண்ணும் ஆகாது"ன்னார். எனக்கும் அது வசதியா இருந்துச்சு. நம்பிட்டேன்.

2023 வந்துச்சு, போச்சு. கோச் சார் ரெண்டு தடவை சொன்னார். "ஸ்டேட் மேட்ச்ல உபகரண சோதனையிலேயே நிறுத்திடுவாங்க, அதுக்குள்ள மாத்திடுங்க"ன்னு. புதுச் சிலிண்டர் வெளிநாட்டுல இருந்து வரணும், எல்லாம் சேத்து இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல. "அடுத்த மாசம் சார்"னேன். அந்த அடுத்த மாசம் ஒரு வருஷமா வரவே இல்லை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஸ்டேட் மேட்சுக்கு மூணு வாரம்தான் இருக்கு. பொண்ணு ரேஞ்ச்ல இருந்து வந்து, துப்பாக்கியைப் பிரிச்சு மேஜைமேல பரப்பிக்கிட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தா. மறுநாள் காலையில பயிற்சிங்கறதால சிலிண்டர் ஃபுல்லா நிரப்பி இருந்துச்சு. பக்கத்துல குக்கர். எதிர்ல உக்காந்து நான் தோசை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

"அப்பா, இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு. துடைச்சாப் போக மாட்டேங்குது."

வாங்கிப் பாத்தேன். சிலிண்டரோட கழுத்துல, மரை முடியிற இடத்துல இருந்து தோள்பட்டைப் பக்கம் ஒரு மெல்லிசான கோடு. நகத்தால சுரண்டினேன். போகலை. ஆனா நகம் லேசா மாட்டுச்சு.

"பெயிண்ட்ல கீறல்டா, விடு"ன்னு சொல்லிட்டு அடுத்த தோசையைக் கேட்டேன். ஆமா, அதைத்தான் செஞ்சேன்.

நல்லவேளை, என் பொண்ணு என்னை மாதிரி இல்லை. "நம்ம தாத்தாகிட்ட காட்டிட்டு வரேன்"னு எழுந்தா. தாத்தான்னா எதிர்வீட்டு மாமா. நாங்க இருக்கிறது திருவெறும்பூர். எங்க தெருவுல பாதிப்பேர் பெல்லுல இருந்து ரிடையர் ஆனவங்க. 1965ல இருந்து அங்க பாய்லர்தான் பண்றாங்க. மாமா முப்பத்தஞ்சு வருஷம் தரப் பரிசோதனையில இருந்தவர். வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு தேடித்தேடியே தலை நரைச்சவர். "நீ எதுக்கு அலையற, நான் கொண்டுபோறேன்"னு ஒரு கையில தோசைத் துண்டு, ஒரு கையில சிலிண்டரோட போய் நின்னேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒரு பார்வை பாத்தார். தொடலை.

"உள்ள காத்து இருக்கா தம்பி?"

"இருக்கு மாமா. ஃபுல்லு."

"எவ்ளோ?"

"இருநூறு பார்."

மனுஷன் ஒரு அடி பின்னால போனார். பதினஞ்சு வருஷமா அவரை எனக்குத் தெரியும். பாம்பு வந்தப்போகூட நிதானமா குச்சி எடுத்தவர். அன்னிக்குத்தான் அவர் முகத்துல பயத்தைப் பாத்தேன். "மெதுவா கீழ வை. ஆட்டாத. உள்ள இருக்கறவங்களை எல்லாம் பின்பக்கம் போகச் சொல்லு"ன்னார்.

எதிர் மனையில வீடு கட்டறதுக்குக் கொட்டின மணல் இருந்துச்சு. மாமாவே அதுல குழி பறிச்சு, வாய் மட்டும் வெளிய தெரியற மாதிரி சிலிண்டரைப் புதைச்சார். துப்பாக்கியோட வந்த காத்து இறக்குற திருகை, நேர் எதிர்ல நிக்காம பக்கவாட்டுல படுத்துக்கிட்டு மெதுவா மாட்டினார். "நான் பண்றேன் மாமா"ன்னேன். "உனக்குச் சின்னப் புள்ளை இருக்குடா, போ"ன்னார். உஸ்ஸ்ஸ்னு சத்தம் பல நிமிஷம் கேட்டுது. திருகு மேல பனி பூத்துது. சத்தம் நின்னப்புறம்தான் எனக்குக் கை நடுங்குறதே தெரிஞ்சுது.

(இதைப் படிச்சிட்டு யாரும் மணல்ல புதைக்கக் கிளம்பாதீங்க. விரிசல்னு சந்தேகம் வந்தா அந்தச் சிலிண்டரைத் தொடாம, ஆளுங்களை விலக்கிட்டு, ரேஞ்சுக்கோ விவரம் தெரிஞ்சவங்களுக்கோ ஃபோன் பண்ணுங்க. மாமாவுக்கு முப்பத்தஞ்சு வருஷ அனுபவம். அவரே அன்னிக்கு ராத்திரி தூங்கலைன்னு அப்புறம் மாமி சொன்னாங்க.)

அப்புறம் காப்பி வந்துச்சு. மாமா ஒரு பழைய டைரியில கணக்குப் போட ஆரம்பிச்சார். அதை அப்படியே உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா அது எனக்கு உறைச்ச மாதிரி உங்களுக்கும் உறைக்கணும்.

உங்க கார் டயர்ல இருக்கிறது சுமாரா ரெண்டு பார். இது அதைப்போல நூறு மடங்கு. சிலிண்டரோட உள் குறுக்களவு மூணு சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, அந்தச் சின்ன வட்டத்தைக் காத்து தள்ளுற விசை கிட்டத்தட்ட 1,400 கிலோ. ஒரு கார் அந்த வட்டத்துமேல ஏறி உக்காந்தாப்ல. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இல்லை, நிரப்பி வச்சிருக்கற ராத்திரி பூராவும்.

உள்ள 200 மில்லி இடம்தான், ஒரு டம்ளர் அளவு. ஆனா அந்த ஒரு டம்ளர் காத்து திடீர்னு விரிஞ்சா வெளிய வர்ற சக்தி சுமாரா 8,000 ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை 16 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது அஞ்சு மாடிக்கு மேல இருந்து கீழ போட்டா வர்ற சக்தி. என் பொண்ணு சுடற ஒரு பெல்லட்டோட சக்தி 7, 8 ஜூல். அப்ப ஆயிரம் பெல்லட்டோட பலம் ஒரே நொடியில.

"இதே சிலிண்டர்ல காத்துக்குப் பதிலா தண்ணியை ரொப்பி 300 பார் ஏத்தினாலும் அந்தத் தண்ணியில நிக்கிற சக்தி 40 ஜூல் சொச்சம்தான். தண்ணி சுருங்காது தம்பி. கிழிஞ்சா 'சொத்'துன்னு ஒழுகும், அவ்வளவுதான். அதனாலதான் பாய்லரா இருந்தாலும் சிலிண்டரா இருந்தாலும் தண்ணியை வச்சு டெஸ்ட் பண்றோம்"னார். 1954ல காமெட்ங்கற ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து ரெண்டு வானத்துலயே உடைஞ்சு விழுந்தப்போ, காரணம் கண்டுபிடிக்க இங்கிலாந்துல ஃபார்ன்பரோவுல ஒரு முழு விமானத்தையே தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி, திரும்பத் திரும்ப அழுத்தம் ஏத்தி இறக்கிப் பாத்தாங்களாம். கடைசியில உடம்புல வெட்டின ஒரு திறப்போட மூலையில இருந்து விரிசல் கிளம்பிக் கிழிச்சிருந்துச்சு. காத்தை வச்சுப் பாத்திருந்தா அந்த விமானம் குண்டு மாதிரி வெடிச்சு, எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியாமப் போயிருக்கும்.

சரி மாமா, ஒரு முடி அளவு கோட்டுக்கு இவ்ளோ பயமான்னு கேட்டேன். மாமி பக்கம் திரும்பினார். "ஜவுளிக்கடையில ஜாக்கெட் துணி எப்படிக் கிழிப்பான்?"

அவ்வளவுதாங்க, புரிஞ்சு போச்சு. துணியோட நடுவுல ரெண்டு கையையும் வச்சு இழுத்துப் பாருங்க, கிழியாது. கடைக்காரர் என்ன பண்றார்? ஓரத்துல கத்தரியால 'டிக்'குன்னு ஒரு சின்ன வெட்டு. அப்புறம் ரெண்டு விரலால 'சர்'ர்ர்ர். அந்த வெட்டோட நுனியில மொத்த இழுப்பும் வந்து குவியுது. உலோகத்துலயும் அதே கதை. நிரப்புறோம், சிலிண்டர் ஒரு துளி உப்புது. சுட்டுத் தீர்க்கறோம், சுருங்குது. ஒவ்வொரு தடவையும் விரிசல் நுனி இத்துனூண்டு முன்னால நகருது. ஒரு அளவு வரைக்கும் சும்மா இருக்கும். அந்த அளவைத் தாண்டிட்டா 'சர்'ர்ர்தான், யாரும் நிறுத்த முடியாது.

ஏத்தி இறக்கினாத்தான்னு இல்லை, சில உலோகக் கலவையில நிரப்பிச் சும்மா வச்சிருந்தாலே விரிசல் ஊரும். 1980கள் வரைக்கும் அமெரிக்காவுல ஸ்கூபா சிலிண்டர்களை 6351ங்கற அலுமினியக் கலவையில பண்ணினாங்க. அதுல கழுத்துலயும் தோள்பட்டையிலயும் விரிசல் வர்றதைப் பாத்தப்புறம் அந்தக் கலவையைக் கைவிட்டாங்க. ஆனாலும் பழைய சிலிண்டர் புழக்கத்துல இருக்கே. அதனால அந்தக் கழுத்தை மின்சுழல் கருவியால தனியாச் சோதிக்கணும்னு 2006ல அங்க விதியே கொண்டுவந்தாங்க.

"நல்ல சிலிண்டர்னா உடையறதுக்கு முன்னாடி ஒழுகி நமக்குத் தகவல் சொல்லும். ஆனா அதை நம்பி உக்காந்திருக்கக் கூடாது. இது ஒழுகலையா?"ன்னு கேட்டார் மாமா.

எனக்கு வயித்துல புளி கரைச்சுது. ரெண்டு வாரமாவே ராத்திரி 200 இருந்தா காலையில 190க்கு வந்துடும். நான் என்ன பண்ணேன்? யூட்யூப் பாத்து, நாப்பது ரூபாய்க்கு ஒரு ஓ-ரிங் வாங்கி மாத்தினேன். ஒரு நாள் நின்ன மாதிரி இருந்துச்சு. நான்தான் சரி பண்ணேன்னு தங்கமணிகிட்ட பெருமை வேற. அது ரெண்டு வாரமா என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான் அதோட வாயை அடைச்சிருக்கேன்.

இன்னொண்ணும் அப்பத்தான் தோணுச்சு. நின்னு சுடும்போது சிலிண்டரோட அந்தக் கழுத்து எங்க வருது தெரியுமா? துப்பாக்கியைத் தாங்குற அவளோட இடது கைக்குப் பக்கத்துல. முகத்துல இருந்து ஒரு அடி. கன்னத்தைக் கட்டையில பதிச்சு, மூச்சைப் பிடிச்சு, ஒரு நாளைக்கு நூறு தடவை.

திங்கக்கிழமை லீவு போட்டுட்டு, காலி சிலிண்டரோட மாமாவைக் கூட்டிக்கிட்டு துவாக்குடி பக்கம் அவருக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறைக்குப் போனேன். கழுத்துல இருந்த நீலப் பெயிண்ட்டை ரிமூவர் போட்டு எடுத்தாங்க. சிவப்புச் சாயம் தெளிச்சாங்க. கால் மணி நேரம் காத்திருந்து சுத்தமாத் துடைச்சாங்க. அப்புறம் வெள்ளைப் பவுடர் மாதிரி ஒண்ணைத் தெளிச்சாங்க. விரிசலுக்குள்ள போய் ஒளிஞ்ச சாயத்தை அந்த வெள்ளை உறிஞ்சி வெளிய இழுக்குமாம். நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், வெள்ளை வேட்டியில வெத்தலைச் சாறு ஊறின மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவா மெதுவா எழும்புது. நான் கண்ணால பாத்தது அஞ்சாறு மில்லிமீட்டர். சாயம் காட்டினது பதினாலு. மரைக்குள்ள இருந்தே கிளம்பியிருக்கு. மெல்லிசான லைட்டை உள்ள விட்டுப் பாத்தா அடியில அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா அரிப்பு. எப்பவோ ஈரக் காத்தை உள்ள அடிச்சதோட மிச்சம்.

பட்டறைப் பையன் ஒருத்தன் ரொம்ப நல்ல மனசோட, "ஆர்கான் வெல்டிங் வச்சுக் குடுத்துடறேண்ணே, ஐநூறு ரூவா, புதுசு மாதிரி ஆயிடும்"னான். மாமா கத்தின கத்துல பக்கத்துப் பட்டறையில லேத்து நின்னுடுச்சு. இந்த அலுமினியத்துக்குப் பலமே அதைச் சூடுபண்ணிப் பக்குவப்படுத்தினதுலதான் இருக்கு. வெல்டிங் சூடு பட்டா அந்த இடத்துல பாதிப் பலம் போயிடும். பாக்கப் பளபளன்னுதான் இருக்கும்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. சூடு? வித்தவருக்கு ஃபோன் போட்டேன். "எங்ககிட்ட இருந்தப்போ நல்லாத்தான் சார் இருந்துச்சு"ன்னார். சரி சார், இந்த நீலக் கலர் கம்பெனியிலயே வந்ததான்னேன். "இல்லை சார், வெள்ளி கலர்ல இருந்தது. பையனுக்குப் பிடிக்கலைன்னு பவுடர் கோட்டிங் குடுத்தோம். சூப்பரா வந்துச்சுல்ல?"

பவுடர் கோட்டிங் எப்படிப் பண்றாங்கன்னு தெரியும்தானே? பவுடரைத் தூவிட்டு அடுப்புல 180, 200 டிகிரியில வேக வைப்பாங்க. கேட்டுக்கும் கிரில்லுக்கும் பிரமாதமா இருக்கும். ஆனா அலுமினியச் சிலிண்டர் 175 டிகிரியைத் தாண்டிச் சூடு பட்டிருந்தா அதைக் கழிச்சுக் கட்டணும்ங்கறது அந்தத் துறையில இருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச விதி. "இதனாலதான் விரிசல் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் தம்பி. வயசு, ஈரம், சூடு, எது எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்? ஆனா இந்த மூணும் சேந்த சிலிண்டரைத்தான் நீ சாப்பாட்டு மேஜையில வச்சிருந்த"ன்னார் மாமா. பொண்ணுக்குப் பிடிச்ச அந்த நீலக் கலருதான் கழுத்தை மூடி மறைச்சுக்கிட்டும் இருந்திருக்கு.

இதை எல்லாம் யாராவது சட்டப்படி சோதிக்க மாட்டாங்களான்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டேன். நம்ம நாட்டுல அழுத்தச் சிலிண்டர்களுக்கு வாயு சிலிண்டர் விதிகள் இருக்கு. நாக்பூரைத் தலைமையிடமா வச்சிருக்கிற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அதைப் பாத்துக்குது. குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர்ச் சோதனை கட்டாயம். ஆனா அந்த விதிப்படி 500 மில்லிக்கு மேல இருந்தாத்தான் அது 'சிலிண்டர்'. எங்களோடது 200 மில்லி. சோதனை நிலையத்துல ஃபோன்ல கேட்டதுக்கு, "இது எங்க கணக்குலயே வராதுங்க"ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லை. இந்தச் சின்ன உருப்படிக்குக் காவல்னா அந்தத் தேதியும் நம்ம கண்ணும்தான்.

இப்ப வர்றது எனக்கே சொல்லக் கூச்சமா இருக்கற பகுதி.

அன்னிக்குச் சாயங்காலம் ரேஞ்ச்ல இன்னொரு பையனோட அப்பா ஃபோன் பண்ணார். நாங்க புதுச் சிலிண்டர் வாங்கப்போற விஷயம் எப்படியோ தெரிஞ்சிருக்கு. "பழசை என்ன பண்ணப்போறீங்க? நான் எடுத்துக்கறேன் சார், ஆறாயிரம் தரேன். தேதி போனாப் பரவால்ல, போட்டிக்கு இல்லை, ப்ராக்டிஸுக்குத்தான்"னார். அவருக்கு விரிசல் விஷயம் தெரியாது.

ஆறாயிரம். சங்கிலி வட்டி நாலு மாசத்துக்கு ஆகும். நான் உடனே 'முடியாது'ன்னு சொல்லலை. "பாக்கறேன் சார்"னேன். ஃபோனை வச்சதும் மண்டைக்குள்ள ஒரு குரல். ஸ்டேட் மேட்ச்ல தேதி தாண்டினது செல்லாதுன்னு அவருக்கே தெரியும், தெரிஞ்சுதானே கேக்கறார்? நமக்கு வித்தவர் நம்மகிட்ட என்ன சொன்னார்? நாமளும் அதையே சொன்னா என்ன?

பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பையனை எனக்குத் தெரியும். எட்டாவது படிக்கிறான். என்னைப் பாத்தா "குட் மார்னிங் அங்கிள்"னு சத்தமாச் சொல்லுவான். அவனும் இடது கையைத்தான் அங்க வைப்பான்.

திரும்ப அவருக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். சாயம் போட்ட ஃபோட்டோவையும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "எங்களோடதுலயும் தேதி போயிடுச்சு சார், அதான் கேட்டேன். ரெண்டு சிலிண்டரையும் மாத்தி மாத்தி ஓட்டலாம்னு நினைச்சேன்"னார். மறுநாள் அவரோடதையும் காலி பண்ணி ஓரமா வைக்க வச்சார் கோச் சார்.

என் பொண்ணே ரம்பம் எடுத்து, மாமா வாசல்ல வச்சு, காலியான அந்த நீலச் சிலிண்டரைக் கழுத்தோட அறுத்தா. அரை மணி நேரம் ஆச்சு. குப்பையில முழுசாப் போட்டா எவனாவது எடுத்து நிரப்பிடுவான்னு மாமா சொல்லிட்டார். அறுத்த கழுத்துத் துண்டு இப்போ ரேஞ்ச்ல காத்து நிரப்பற மெஷினுக்கு மேல ஆணியில தொங்குது. அந்தச் சிவப்புக் கோடு இன்னும் மங்கலாத் தெரியும்.

மூணு வாரத்துல புதுச் சிலிண்டர் வந்து சேரலை. பொண்ணு ஸ்டேட் மேட்சுக்குப் போகலைன்னே முடிவு பண்ணியிருந்தா, ஒரு வார்த்தை என்னைத் திட்டலை, அதுதான் ரொம்ப வலிச்சுது. கடைசியில அவகூடவே சுடற, எப்பவும் இவளுக்கு ஒரு மார்க் ரெண்டு மார்க் முன்னாடியே நிக்கிற பொண்ணு, தன்னோட ஸ்பேர் சிலிண்டரைக் கொண்டுவந்து குடுத்தா. துப்பாக்கி ரெண்டும் ஒரே மாடல், மரையும் ஒண்ணே. தேதியைத் திருப்பிக் காட்டி, "பாத்துக்கோடி, இன்னும் ஆறு வருஷம் இருக்கு"ன்னா. இவ சுட்டது 611.3. அந்தப் பொண்ணு 613.9. இவளுக்கு அதுவே அதிகபட்சம்.

சரி, பதிவு ரொம்ப நீண்டுடுச்சு. வீட்டுல யாராவது இந்த மாதிரி காத்துத் துப்பாக்கி வச்சிருந்தா, அஞ்சு விஷயம் மட்டும்:

1. சிலிண்டர் மேல தேதியைப் பாருங்க. தாண்டியிருந்தா நிரப்பாதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கினா சிலிண்டரை விலையில சேக்காதீங்க, புதுசுக்குத் தனியா எடுத்து வச்சுக்கோங்க.

2. பெயிண்ட், பவுடர் கோட்டிங், வெல்டிங், ஹீட்டிங் எதுவும் கூடாது. யாராவது கலர் மாத்தியிருந்தா அது கழிச்சுக்கட்ட வேண்டிய சிலிண்டர்.

3. ராத்திரியில அழுத்தம் குறையுதுன்னா அது தகவல். ஓ-ரிங்கா, வால்வா, கழுத்தான்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் நிரப்புங்க.

4. உலர்ந்த சுத்தமான காத்து மட்டும்தான். ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம். மரையில சாதா எண்ணெய், கிரீஸ் தடவாதீங்க. அழுத்தம் ஏறும்போது வர்ற சூட்டுல, டீசல் என்ஜின்ல பத்திக்கிற மாதிரி அது பத்திக்கும்.

5. நம்ம ஊர் வெயில்ல காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. 30 டிகிரியில 200 பார் இருக்கறது 60 டிகிரியில 220 ஆயிடும்.

கொசுறு: காத்துத் துப்பாக்கியே இல்லாதவங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். அடுக்களையில இருக்கிற கேஸ் சிலிண்டரோட கழுத்து வளையத்துக்குக் கீழ, பட்டையில உள்பக்கம் பாருங்க. ஆங்கில ஏ, பி, சி, டியில ஒரு எழுத்தும் ரெண்டு இலக்க வருஷமும் இருக்கும். ஏன்னா ஜனவரி-மார்ச், பின்னா ஏப்ரல்-ஜூன், சின்னா ஜூலை-செப்டம்பர், டின்னா அக்டோபர்-டிசம்பர். அடுத்த சோதனை அந்தத் தேதிக்குள்ள நடக்கணும். தாண்டியிருந்தா கொண்டுவர்ற தம்பிகிட்ட திருப்பிக் குடுத்துட்டு வேற கேளுங்க. நான் இருபது வருஷமா இதைப் பாத்ததே இல்லை. இப்போ என் பொண்ணு பாத்துட்டுத்தான் உள்ள விடறா.

போய்ப் பாத்துட்டு வந்து, உங்க வீட்டுல என்ன எழுத்துன்னு சொல்லுங்க.